டொமைன் பெயரை வாங்கும் முன் அதன் மறுவிற்பனை மதிப்பைக் கணிப்பது எப்படி?

மார்த்தாண்டத்துத் தேன், தோவாளைப் பூ, நாகர்கோவில் கோயில் நகை என்று ஊர்ப் பெயரோடு பொருளின் பெயரையும் சேர்த்து டொமைன்களை, அதாவது இணையதள முகவரிப் பெயர்களை, பதிந்து வைத்துவிட்டு, நல்ல விலை வரும் என்று காத்திருப்பவர்கள் குமரி மாவட்டத்திலும் இருக்கிறார்கள். பெயர் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அதைப் பணம் கொடுத்து வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஊரும் பொருளும் சேர்ந்த பெயர் பார்த்தவுடன் புரியும். ஆனால் அதற்கு வாங்குநர் அந்த ஊரில் அந்தத் தொழிலைச் செய்யும் சிலர் மட்டுமே, அவர்களும் விலை அதிகமென்றால் இன்னொரு சொல்லை ஒட்டிப் புதிய பெயரைச் சில நூறு ரூபாயில் பதிந்துகொள்வார்கள். மேலும், மார்த்தாண்டம் தேனும் மட்டி வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை என்பதால், அப்பெயர்களை வணிகத்தில் பயன்படுத்துவதில் சட்டச் சிக்கல் எழலாம். விவரமறிந்தவர் அதையும் கணக்கில் வைத்தே விலை பேசுவார். எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்படி புதிதாகப் புனைந்த குறுகிய பெயருக்கு வாங்குநர் வட்டம் பெரிது, காத்திருப்பும் நீளம்.

பிராண்டாகுமா என்பதை அறிய, வடசேரி பேருந்து நிலையத்து இரைச்சலில் நிற்கும் நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, கேட்டபடி ஆங்கில எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். தோவாளையில் டி-க்குப் பின் எச் வருமா, ஏ ஒன்றா இரண்டா என்று அவர் தடுமாறுவார். கன்னியாகுமரியில் என் எத்தனை என்பதும் அப்படியே. நாகர்கோவிலை சி போட்டு எழுதுவது நமக்குப் பழக்கம், வெளியூர்க்காரரோ கே-யைத் தட்டிவிடுவார். இப்படித் தவறும் ஒவ்வொரு எழுத்தும், வாடிக்கையாளரையும் மின்னஞ்சலையும் வேறொருவரிடம் கொண்டு சேர்க்கும். இணைக்கோடும் (ஹைஃபன்) எண்ணும் கலந்த பெயர்களை நான் தொடுவதே இல்லை.

டாட் காமுக்கே பொதுவாக விலை அதிகம்; உள்நாட்டு வணிகத்துக்கு டாட் இன் (.in) தாராளமாகப் போதும். தமிழ் எழுத்திலேயே அமையும் டாட் இந்தியா பெயர்கள் பெருமைக்குரியவை என்றாலும், மறுவிற்பனைச் சந்தை மிகக் குறுகியது என்பது என் கருத்து.

விலையை ஒப்பிடும்போது விற்பவர் கேட்கும் தொகையை ஒதுக்கிவிட்டு, உண்மையில் விற்ற தொகைகளை நேம்பயோ போன்ற தளங்களில் பாருங்கள். 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனது என்ற செய்தி நம் கணக்குக்கு உதவாது. பெயர் முன்பு யாரிடமாவது இருந்திருந்தால், சூதாட்டத் தளமாக ஓடியதா என்பதை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் காணலாம். வணிகச் சின்னப் பதிவேட்டையும் தேடிவிடுங்கள். பிறருடைய சின்னத்தை வைத்துக் காசு பார்க்கும் தீய நோக்கத்தில் பதிந்தது என்று நிரூபணமானால், டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் விதிகளான டாட் காமுக்குரிய யுடிஆர்பியின்படியும் டாட் இன்னுக்குரிய ஐஎன்டிஆர்பியின்படியும் இழப்பீடின்றிப் பெயர் பறிபோகும்.

கடைசியாக, ஆண்டுதோறும் கட்டும் புதுப்பித்தல் கட்டணத்தை வைத்திருக்க எண்ணும் ஆண்டுகளால் பெருக்கி, எதிர்பார்க்கும் விலையிலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சம் தேறாத பெயரைக் காலாவதித் தேதிக்கு முன்பே விட்டுவிட முடிவெடுங்கள். டாட் காம் பெயர் நீக்கப்பட்டபின் கிடைக்கும் 30 நாள் மீட்பு அவகாசத்தில் மனம் மாறினால், வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும்.