பார்த்தீனியத்தைத் தின்னும் வண்டு: பிடிப்பது, பெருக்குவது, விடுவது

தரிசிலும் வாய்க்கால் கரையிலும் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறதா? பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்துவிட்டதா? அப்படியென்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். களைக்கொல்லி அடிக்காமல் மெக்சிகன் வண்டை வைத்து அதை மட்டுப்படுத்தும் முறையைச் சொல்கிறேன். எங்கள் கிணற்று மேட்டில் செய்து பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

வண்டின் முழுப்பெயர் ஜைகோகிராமா பைகலராட்டா. பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1983இல் இதை மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, மற்ற பயிர்களைத் தின்னாது என்று சோதித்துப் பார்த்து, 1984இல் வெளியே விட்டது. அதற்குப் பிறகு நாட்டின் பல பகுதிகளுக்குத் தானாகவே பரவிவிட்டது. அதனால் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் பக்கத்து ஊர்ப் புறம்போக்கில் ஒரு நடை தேடிப் பாருங்கள்.

1. வண்டைக் கண்டுபிடிப்பது

மழைக்காலத்தில் தேடுங்கள், கோடையில் கிடைக்காது. இலைகள் சல்லடையாகிக் காம்பும் நரம்பும் மட்டும் நிற்கும் பார்த்தீனியச் செடி தென்பட்டால் அங்கே நின்று பாருங்கள். வண்டு மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிர் மஞ்சள் முதுகில் நெளிநெளியான பழுப்புக் கோடுகளோடு இருக்கும். முதுகில் புள்ளி இருந்தால் அது வேறு வண்டு. கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டைக் கொண்டுவந்து விட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

2. பிடிப்பது

குடையைத் தலைகீழாக விரித்துச் செடிக்கு அடியில் பிடித்துத் தண்டைத் தட்டினால் வண்டுகள் உள்ளே விழும். குச்சி வலையெல்லாம் வேண்டாம், குடைதான் வசதி. கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி மூன்றும் கட்டாயம். பார்த்தீனியம் பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பிடித்ததை மூடியில் துளையிட்ட டப்பாவில், நாலைந்து பார்த்தீனியக் கொழுந்தோடு போட்டு நிழலில் எடுத்து வாருங்கள். டப்பாவை வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் வெயிலில் வெந்துவிடும்.

3. பெருக்குவது

கண்ணாடிச் சீசாவில் வளர்க்கும் முறையைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தினமும் தழை மாற்ற வேண்டும், எச்சம் அள்ள வேண்டும், ஒரு நாள் மறந்தால் பூசணம் பிடித்துவிடும். அதைவிடப் பழைய நைலான் கொசுவலை மேல். பூக்காத இளஞ்செடிகள் அடர்ந்த இடமாகப் பார்த்து நான்கு மூங்கில் நட்டு, வலையைக் கட்டி, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். உள்ளே வண்டுகளை விட்டால் போதும்.

பெட்டை இலையின் அடிப்பக்கத்தில் வெளிர் மஞ்சள் முட்டைகளை இடும். ஒரு வாரத்துக்குள் பொரிந்துவிடும். சின்னப் புழுக்கள் முதலில் நுனிக் கொழுந்தையும் மொட்டையும்தான் கடிக்கும். செடி பூக்க முடியாமல் போவது இதனால்தான். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும் என்பதால் நமக்கு இலை போவதைவிடப் பூ போவதுதான் லாபம்.

4. மண்

பெரும்பாலானவர்களுக்குக் கணக்குத் தவறுவது இங்கேதான். பத்துப் பதினைந்து நாள் கொழுகொழுவென்று தின்றுகொண்டிருந்த புழுக்கள் திடீரென்று ஒன்றுகூட இல்லாமல் போய்விடும். எறும்பு தூக்கிப் போய்விட்டது, பறவை தின்றுவிட்டது என்று நினைத்து வலையைப் பிரித்துவிடாதீர்கள். அவை மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகியிருக்கும். சுமார் பத்து நாளில் புது வண்டுகள் மேலே வரும். முட்டை முதல் வண்டு வரை மொத்தமாக ஏறக்குறைய ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் அந்த மண்ணை மிதிக்கக் கூடாது, கொத்தக் கூடாது, தண்ணீர் தேங்கவும் விடக் கூடாது. மண்ணைக் கையில் எடுத்தால் உருண்டை பிடிக்க வேண்டும், ஆனால் நீர் வடியக் கூடாது, அந்த ஈரம் போதும். சீசாவில்தான் வளர்ப்பேன் என்பவர்கள், வெள்ளையாகிப் பருத்த புழுக்களைச் சலித்த மண் நிரப்பிய தொட்டிக்கு மாற்றித் துணி கட்டிவிடுங்கள். மண் இல்லாத டப்பாவில் அந்தத் தலைமுறை அத்தோடு முடிந்தது.

உழுகிற வயலில் இந்த வண்டு நிலைக்காததற்கும் இதுதான் காரணம். கலப்பை ஓடினால் கூட்டுப்புழுவெல்லாம் போச்சு. வயலுக்குள் முளைப்பதைப் பூக்கும் முன்னே கையால் பிடுங்குங்கள். வண்டைத் தரிசுக்கும் கரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. விடுவது

இங்கே பத்து, அங்கே பத்து என்று தூவ வேண்டாம். செடி பச்சையாகத் தழைத்திருக்கும் ஒரே இடத்தில் மொத்தமாக, மாலையில் விடுங்கள். அந்தப் பக்கம் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. உப்புக் கரைசல் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதை வேறு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டுக்குத் தின்னச் செடி வேண்டுமே!

முதல் வருடம் பெரிதாக எதுவும் தெரியாது. மண்ணில் கிடக்கும் பழைய விதைகளை வண்டு ஒன்றும் செய்யாது, அவை மழைக்கு மழை முளைத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் செடி தளர்ந்த இடங்களில் ஆவாரை, துத்தி, தகரை விதைகளை வீசிவிடுங்கள். அவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பின்னூட்டங்களுக்குப் பின் சேர்த்தவை

பூஞ்சாணம் தெளிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். களையைக் கொல்லும் பூஞ்சாணங்கள் இருப்பது உண்மை. அமெரிக்காவில் நெல் வயலில் வரும் ஒரு களைக்கு எதிராக கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சாணத்தைக் கொண்டு செய்த 'கொலேகோ' 1982இலேயே விற்பனைக்கு வந்தது. பார்த்தீனியத்தைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சாணமும் உண்டு. ஆனால் துருப் பூஞ்சாணம் உயிருள்ள செடியில்தான் வளரும், நொதிகலனில் பெருக்கிப் பொட்டலம் போட முடியாது. நம் கடைகளில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா வேர் நோய்க்கானது, களைக்கு அதனால் பலன் இல்லை. பிவேரியாவும் மெட்டாரைசியமும் பூச்சிகளைக் கொல்பவை. வண்டு விட்ட இடத்தில் அவற்றைத் தெளித்தால் வண்டுதான் சாகும்.

சூரியகாந்தி போட்டிருக்கிறேன், பயமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் இதே பயம் கிளம்பியது. பார்த்தீனிய மகரந்தம் படிந்த சூரியகாந்தி இலைகளைத்தான் வண்டு கடித்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இருந்தாலும் நான் சூரியகாந்தி வயலை ஒட்டி விடமாட்டேன். அந்த வரப்பில் பார்த்தீனியத்தை முதலில் பிடுங்கிவிடுவேன்.

பூச்சியை நம்பலாமா என்று கேட்டவருக்கு: 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு சாயப்பூச்சிதான் இங்கே காடுகாடாகக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒடுக்கியது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

டிசம்பரில் வண்டு எல்லாம் செத்துவிட்டது என்று சொன்னவர்கள் அவசரப்பட்டுப் புதிதாகத் தேடி அலைய வேண்டாம். குளிரும் வறட்சியும் வந்தால் வண்டு மண்ணுக்குள் போய் உறங்கும். அடுத்த நல்ல மழை பெய்து செடி முளைத்த பிறகு போய்ப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் தென்படவில்லை என்றால் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கலாம்.