‘சுவற்றில் எழுதாதீர்’: மதுரைப் பலகைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் சுவருக்கும் பஞ்சமில்லை, சுவரில் எழுதக்கூடாது என்று சுவரிலேயே எழுதி வைப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்ற எச்சரிக்கை இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சுவரோடு ‘இல்’ சேர்ந்தால் சுவரில், அவ்வளவுதான். கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும், ஏனென்றால் அவை ‘று’ என்று முடிகின்றன. சுவர் ‘ர்’ என்று முடிகிறது, தேரும் அப்படித்தான். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மன் தேரில் வருகிறாள் என்கிறோம். தேற்றில் வருகிறாள் என்று யாரும் சொல்வதில்லை.

தேரை வேண்டுமென்றேதான் இழுத்தேன். இலக்கணப் புத்தகத்தைப் பத்தாம் வகுப்போடு மூடிவிட்டவர்களுக்கும் ஊர்ப்பெயரும் திருவிழாவும் சாப்பாடும் மறப்பதில்லை. எந்த எழுத்து என்று தடுமாறும்போது விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். இன்னொன்று, எல்லாப் பிழைக்கும் ஒரே எடை கிடையாது. சில பிழைகள் பொருளையே மாற்றிவிடும். சில, புலவர்களே இன்னும் முடிவுக்கு வராத வழக்குகள். நம் ஆட்கள் இரண்டாவது வகைக்காக முகநூலில் நாள்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, முதல் வகையைப் பத்தடி உயர ஃபிளெக்ஸில் அடித்து நிறுத்துவார்கள்.

இரங்கலும் இறங்கலும்

முதலில் சாவு வீட்டுப் போஸ்டர். பொருள் மாறும் பிழை அதிகம் நடப்பது இங்கேதான். காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. இரவோடு இரவாக அடித்து விடிவதற்குள் ஒட்டியாக வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களிடம் போய் எழுத்துப்பிழை பாருங்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று வந்துவிடுகிறது. இறங்குவது என்றால் கீழே இறங்குவது. அழகர் வைகையில் இறங்குகிறாரே, அதற்குத்தான் பெரிய ற. மனம் கசிந்து வருந்துவது இரங்கல், அதற்குச் சின்ன ர. சரி, இனி எல்லாவற்றுக்கும் சின்ன ர போட்டுவிடலாம் என்று கிளம்பினால் அடுத்த வரியில் மாட்டிக்கொள்வோம். ‘இரப்பு’ என்றால் பிச்சை எடுப்பது. உயிர் போவது இறப்பு. ஆக, இறப்புக்கு இரங்கல்.

அதே போஸ்டரில் ‘அண்ணாரது ஆன்மா சாந்தியடைய’ என்றும் இருக்கும். அன்னார் என்றால் அவர், அத்தகையவர். இறந்தவர் யாருக்காவது அண்ணனாகவும் இருந்திருக்கலாம்தான். ஆனால் வயதான பாட்டியின் படத்துக்குக் கீழேயும் ‘அண்ணாரது’ என்று பார்க்கும்போது என்ன சொல்வது!

கல்யாண ஃபிளெக்ஸுக்கு வருவோம். ‘மணமக்களை மனமாற வாழ்த்துகிறோம்.’ மனம் ஆர என்றால் மனம் நிறைய. மனம் மாற என்று எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போவார்கள். மனமார, உளமார, கண்ணார, வயிறார, எல்லாமே ஒரே குடும்பம், எல்லாவற்றுக்கும் சின்ன ர. மொய் எழுதிவிட்டு வயிறாரச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதை மறக்க வழியில்லை.

அரசியல் பலகைகளில் ‘பொருப்பாளர்’ என்ற பதவி ஒன்று தொடர்ந்து வழங்கப்பட்டு வருகிறது. பொருப்பு என்றால் பழைய செய்யுள்களில் மலை. யானைமலையை யாருக்காவது ஒப்படைத்திருந்தால் அது பொருந்தும். மற்றவர்கள் எல்லாம் பொறுப்பாளர்கள்.

கறியும் கரியும்

சாப்பாட்டுக்கடைகள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, சாப்பாடு நன்றாக இருப்பதால். ஆனாலும் மதுரைக்கே பேர் வாங்கித் தந்த கறிதோசையைக் ‘கரி தோசை’ என்று எழுதலாமா? கரி அடுப்பில் எரிவது. ‘சுக்கா வருவல்’ என்பதும் அப்படித்தான். வறுப்பதால் அது வறுவல். சொல்லி அரை மணி நேரம் ஆகியும் மேசைக்கு வராத சுக்காவுக்கு வேண்டுமானால் வருவல் என்று ஆறுதலாகப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

‘பொறித்த மீன்’ இன்னும் வேடிக்கை. எண்ணெயில் போட்டு எடுப்பது பொரிப்பது. பொறிப்பது கல்லிலும் செம்பிலும். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்து மலைக் குகைகளில் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துகள் இருக்கின்றன. நெடுஞ்செழியன் என்ற பெயர்கூட அவற்றில் வருகிறது. அவைதான் பொறித்தவை. மீனைப் பொறித்துக் கொடுத்தால் படிக்கலாம், தின்ன முடியாது. அதே மீனைக் ‘குளம்பு’ வைப்பதும் சிரமம். குளம்பு மாட்டுக்கும் குதிரைக்கும் காலில் இருப்பது, மீனுக்குக் காலே இல்லை. தெப்பக்குளம், பீபீகுளம், சொக்கிகுளம் எல்லாவற்றுக்கும் ள. சோற்றில் ஊற்றிக் குழைத்துச் சாப்பிடுவதற்கு ழ.

தேநீரைத் ‘தேனீர்’ என்று எழுதினால் தேன் கலந்த நீர் ஆகிவிடும். எண்ணை இல்லை, எண்ணெய். சில்லரை இல்லை, சில்லறை. இவற்றுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை.

ழகரம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மதுரைப் பக்கம் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். வாளப்பளம், பளங்காநத்தம் என்றுதான் காதில் விழும். அதைப் பிழை என்று கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேச்சு ஊருக்கு ஊர் வளையத்தான் செய்யும். ஆனால் எழுத உட்காரும்போது காது கைவிட்டுவிடும், கண்ணைத்தான் நம்ப வேண்டும். பழங்காநத்தம் என்று பஸ் பலகையில் எழுதியிருப்பதை ஒருமுறை நிறுத்திப் பார்த்துக்கொண்டால் பழம், பழைய, பழக்கம் எல்லாம் சேர்ந்து சரியாகும். ல, ள குழப்பமும் சாதாரணமானது இல்லை. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைத் தாண்டி வருவது காளை. ‘சிறந்த காலைக்குப் பரிசு’ என்று போட்டால், கட்டு போட்டுக்கொண்டு கிடக்கும் மாடுபிடி வீரர் தன் காலைக் காட்டிப் பரிசு கேட்கலாம்.

புள்ளிக்கு மேல் புள்ளி

‘வருக வருக என வரவேற்க்கிறோம்.’ ‘இலவசப் பயிற்ச்சி.’ ‘கட்ச்சி அலுவலகம்.’ இந்த மூன்றிலும் நடந்திருப்பது ஒரே தவறு, இதை ஒழிக்க ஒரே விதி போதும். தமிழ்ச் சொல்லுக்குள் ட், ற் இரண்டுக்கும் அடுத்தபடியாக இன்னொரு புள்ளி எழுத்து வராது. இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வர வேண்டுமென்றால் முதலாவது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: வாய்ப்பு, தேர்ச்சி, வாழ்த்து. நன்னூல் சொல்வதும் இதையே. வரவேற்கிறோம், பயிற்சி, முயற்சி, கட்சி, ஆட்சி, காட்சி, எதிலும் கூடுதல் புள்ளிக்கு இடமில்லை. ‘தெற்க்கு’ என்று கை போனால் தெற்குவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் க் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே அதற்கு முன்னால் புள்ளி எழுத்து எதுவும் இல்லை.

இதோடு சேர்த்து ண, ந, ன மூன்றையும் பாதி தீர்த்துவிடலாம். வண்டியூரில் ட-வுக்கு முன்னால் ண். திருப்பரங்குன்றத்தில் ற-வுக்கு முன்னால் ன். வசந்த நகரில் த-வுக்கு முன்னால் ந். இந்த ஜோடிகள் மாறவே மாறாது. நெடுங்கணக்கில் ட-வை அடுத்து ண-வும், த-வை அடுத்து ந-வும், ற-வை அடுத்து ன-வும் உட்கார்ந்திருப்பதும் அதே ஜோடியாகத்தான். எனவே ‘நண்றி’, ‘வன்டி’, ‘வென்றான்’ மூன்றில் முதல் இரண்டும் தமிழில் இருக்கவே முடியாத சொற்கள். மனம், மணம் போன்றவற்றுக்கு இந்த விதி உதவாது, அவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அலைபேசியும் இதில் கூட்டுக் களவாணி. ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவைக்கும் விசைப்பலகைகள் பலவற்றில் ன-வுக்கும் ண-வுக்கும், ர-வுக்கும் ற-வுக்கும் ஒரே விசை. பெரிய எழுத்துக்கு மாற்றினால்தான் அடுத்தது வரும். அவசரத்தில் யார் மாற்றுகிறார்கள்? 1999-இல் வந்த தமிழ்99 முறையில் ஒவ்வொன்றுக்கும் தனி விசை. கொஞ்ச நாள் தடவினாலும் பழகிக்கொள்வது நல்லது.

ஒற்று

கடைத்தெருவில் அதிகம் காணாமல் போவது ஒற்றுதான். ‘மருந்து கடை’, ‘துணி கடை’, ‘பருத்தி பால்’, ‘சித்திரை திருவிழா’. எழுதியவரே வாய்விட்டுச் சொல்லும்போது மருந்துக்கடை, துணிக்கடை, பருத்திப்பால், சித்திரைத் திருவிழா என்றுதான் சொல்வார். எழுதியதை ஒருமுறை சத்தமாகப் படித்தாலே பாதி ஒற்று தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ‘ஐ’யும் ‘கு’வும் வந்தால் கவனிக்க வேண்டும்: அவனைப் பார், அவனுக்குக் கொடு. ‘ஐ’க்குப் பின்னால் ஒற்றை விட்டால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்களுக்கு: படித்த பிள்ளைக்கு வேலை கொடு என்றால் உத்தியோகம். ‘வேலைக் கொடு’ என்றால் திருப்பரங்குன்றத்து முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம்.

ஒற்றை விடுகிறவர்களைவிட, பயந்துபோய் எங்கே பார்த்தாலும் போடுகிறவர்களைத் திருத்துவது கடினம். அந்தப் பையன் சரி, ‘வந்தப் பையன்’ தவறு. அந்த, இந்த, எந்த மூன்றுக்கும் ஒற்று வரும். வந்த, செய்த, படித்த, பெரிய, புதிய இவற்றுக்கு வராது. செய்த தவறு, பெரிய கடை.

அளவுக்கு மீறிய திருத்தம் எப்போதுமே இப்படித்தான். ஓர் என்பது ஒரு-வைவிட உயர்ந்த தமிழ் என்று நினைத்துக்கொண்டு ‘பொதுமக்களுக்கு ஓர் வேண்டுகோள்’ என்று எழுதுகிறார்கள். உயிரெழுத்துக்கு முன்னால்தான் ஓர்: ஓர் ஊர், ஓர் ஆண்டு. வேண்டுகோளுக்கு ஒரு போதும். திண்டுக்கல் சாலையில் உள்ள பரவையைப் பறவை என்று ‘திருத்தி’ எழுதுகிறவர்களும் உண்டு. ஊர்ப்பெயரில் இருப்பது சின்ன ரதான். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். திருக்குறளில் எதுகை சரியாக அமையவில்லை என்று தானே திருத்திப் பதிப்பித்த ஒரு வெள்ளைக்காரரின் பிரதிகளை எல்லாம் அவர் விலை கொடுத்து வாங்கித் தீயில் போட்டாராம். ஃபிளெக்ஸுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சண்டை போடத் தேவையில்லாதவை

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே க் உண்டு என்பார் ஒருவர். கள் என்பது விகுதிதானே, க் எதற்கு என்பார் இன்னொருவர். க் போட்டால் குடிக்கிற கள் ஆகிவிடும் என்பார் மூன்றாமவர். க் இல்லாமல் எழுதுவது என் பழக்கம், மற்றபடி வாழ்த்து வந்து சேர்ந்தால் சரி. கோவில், கோயில் இரண்டும் சரி. கருப்பு, கறுப்பு இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. நாட்கள் பற்றி மட்டும் ஒரு வாதம் உண்டு: கல் கற்கள் ஆகிறது, முள் முட்கள் ஆகிறது. ஆனால் கால் காற்கள் ஆவதில்லை, தோள் தோட்கள் ஆவதில்லை. நெடிலுக்குப் பின்னால் மாறாது என்ற கணக்கில் நாள்கள்தான் பொருத்தம். ஆனால் ஆட்கள் என்பது எல்லார் வாயிலும் நிலைத்துவிட்ட பிறகு இதில் ரொம்பவும் முறுக்கிக்கொள்ள முடியாது.

‘பெரியார் பஸ் நிலையம் அருகாமையில்’ என்பதும் இந்த வரிசைதான். அருகுதல் என்றால் குறைதல், எனவே அருகாமை என்றால் குறையாமை என்று தமிழாசிரியர்கள் மடக்குவார்கள். அருகில் என்று எழுதினால் வம்பும் இல்லை, பலகையில் இடமும் மிச்சம்.

நான் விட்டுக்கொடுக்காதவையும் சில உண்டு. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ கூடாது, ஒவ்வொரு மாணவரும். ‘மாடுகள் வந்தது’ கூடாது, வந்தன. ‘முயற்சிக்கிறேன்’ என்பதைவிட முயல்கிறேன் நல்லது. ‘பால் மற்றும் தயிர் கிடைக்கும்’ என்பதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பாலும் தயிரும் கிடைக்காதா இந்த ஊரில்?

அச்சுக்குக் கொடுக்குமுன்

ஃபிளெக்ஸ் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் மாதிரி வந்ததும் எல்லோரும் பார்ப்பது பெயர், தேதி, யார் படம் எவ்வளவு பெரிது என்பதைத்தான். தலைப்பு பெரிதாக இருப்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று கண் தாண்டிவிடுகிறது. அங்கிருந்து தொடங்குங்கள். வரி உடையும் இடங்களையும் பாருங்கள். ‘சித்திரை’ மேல் வரியிலும் ‘த் திருவிழா’ கீழ் வரியிலுமாக ஒற்று தனியாகக் கீழே விழுந்து கிடக்கும்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. கௌரி என்ற பெயரில் க-வுக்குப் பின்னால் நிற்பது ள இல்லை, ஔகாரத்தின் குறி. பலர் ‘கெ’ அடித்து ‘ள’ அடித்து ‘ரி’ அடித்து வேலையை முடித்துவிடுகிறார்கள். தாளில் அச்சானால் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாக்காளர் பட்டியலிலோ மொய்க் கணக்கிலோ பெயரைக் கணினியில் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் கணினிக்கு அது ‘கெளரி’, வேறு ஆள். ஒ-வையும் ள-வையும் ஒட்டவைத்து எழுதும் ‘ஒளவை’யும் இப்படித்தான். அந்த ஔ-வுக்குத் தனி விசை இருக்கிறது.