நனைந்த ஏ.ஆர்-15 மேகசினைச் சரிசெய்வது

மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, துப்பாக்கியிலிருந்து கழற்றி, தோட்டா எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகே கை வையுங்கள். உள்ளே நீர் தேங்கினால், தோட்டாவைத் தாங்கும் ஃபாலோயர் மெதுவாகத்தான் மேலேறும். அடுத்த தோட்டா இடத்துக்கு வருமுன், அதை அறைக்குள் தள்ளும் போல்ட் தாண்டிப் போய்விடும், சுடும் அறை காலி.

அலுமினிய மேகசினில் அடித்தகட்டின் நடு மேட்டைத் தோட்டா முனையால் நெம்பி, தகட்டை நகர்த்துங்கள். ஸ்பிரிங் பாய்ந்து வரும், கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். கடல்நீர் பட்டிருந்தால் எல்லாப் பாகத்தையும் நன்னீரில் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங்கின் மடிப்புகளில்தான் துரு முதலில் பிடிக்கும். அங்கே மட்டும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உட்சுவரில் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: மணல் அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும்.

நீர் வடிய உடற்சுவரில் துளை போடுகிறார்கள். அது தவறு, விரிசல் விடும், மண்ணும் புகும். வடிகால் துளையுள்ள ஃபாலோயரை வாங்கி மாற்றுவதே நல்லது.

பாகங்களை மேகசினில் திரும்ப மாட்டியபின் ஃபாலோயரை விரலால் அடிவரை அழுத்தி விடுங்கள். எங்கும் சிக்காமல் எழ வேண்டும். தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேல் உதடுகள் வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் நிமிர்த்த முயலாதீர்கள், அந்த மேகசினை ஒதுக்கிவிடுங்கள்.