நவம்பரில் தனியாகச் சைக்கிள் பயணமா? முதலில் காற்றைப் பாருங்கள்

நெதர்லாந்தில் இலையுதிர் காலம் முடிகிற சமயத்தில் கிராமப்புறமாகத் தனியே நெடுந்தூரம் சைக்கிளில் போவதாக இருந்தால், மழை வருமா என்பதைவிடக் காற்று எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஃபிளேவோலாந்து மாகாணம் மாதிரி திறந்தவெளியில் எதிர்காற்று ஆளையே உலுக்கிவிடும், அதனால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதை எதிர்த்துப் போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

வழி கண்டுபிடிக்க, சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களில் உள்ள எண் பலகைகளே போதும், ஒவ்வொன்றும் அடுத்த எண்ணுக்கு வழி காட்டும். போகவேண்டிய எண்களை வரிசையாக ஒரு டேப்பில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவிடுங்கள். குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

இது சர்க்கரை பீட் (சர்க்கரை எடுக்கப் பயிரிடும் கிழங்கு) அறுவடைக் காலமும்கூட. டிராக்டர் சக்கரம் உதிர்த்த களிமண்மேல் மழை பட்டால், எண்ணெய் ஊற்றியதுபோல வழுக்கும். ஈர இலைக் குவியலும் அப்படித்தான். அதன்மேல் பிரேக் அடிக்கவோ சட்டென்று திருப்பவோ கூடாது, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து சைக்கிளை நேராக ஓடவிடுங்கள்.

அப்புறம், நவம்பர் கடைசியில் மாலை 4.30 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு விளக்கு சட்டப்படி கட்டாயம். உலர்ந்த கையுறை இன்னொரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், விரைத்த விரலால் பிரேக் பிடிக்கவே முடியாது. தனியாகப் போவதால், அந்த எண் வரிசையைப் போட்டோ எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.