தோட்டவீடு இடிபடும் முன் செய்ய வேண்டியவை

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ உங்கள் குடும்பத்துத் தோட்டவீடு அடுக்குமாடிக்குக் கைமாறப் போகிறதென்றால், பொக்லைன் வருவதற்குள் ஒரு வாரம் ஒதுக்குங்கள். நில அளவைத் தொழிலில் தலை நரைத்தவன் சொல்கிறேன்: மாளிகையைவிட அதன் தோட்டத்தில்தான் செய்தி அதிகம்.

மண்வெட்டியை எடுக்காதீர்கள். அகழாய்வு, அனுமதி பெற்ற தொல்லியலாளர்களின் வேலை. நம் வேலை பதிவு செய்வது. மூலப் பத்திரத்தில் நான்கெல்லையைப் படியுங்கள். எல்லையில் ‘கோக்ரேன் கால்வாய்’ என்றிருந்தால் அந்த எழுத்து பழையது. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகுதான் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. பழைய வரைபடங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பிக்கலாம்.

பிறகு டேப்பும் வரைதாளுமாக நடங்கள். சுவர் சுண்ணாம்புச் சாந்தா, சிமென்டா? செங்கல்லின் மூன்று அளவுகளும் என்ன? மங்களூர் ஓட்டில் ‘பாசல் மிஷன், 1865’ என்ற முத்திரை இருந்தால் அவசரப்படாதீர்கள். அது பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபையின் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு. ஓடு பல ஆண்டுகள் பிந்தியதாகவும் இருக்கலாம்.

கிணற்றுக்கு அரை நாளாவது கொடுங்கள். இந்தக் கடற்கரை மணல் சரியும் என்பதால் உறை இறக்கித்தான் கிணறு எடுத்தார்கள். மேலே சிமென்ட் உறை, அடியில் சுட்டமண் உறையோ செங்கல் கட்டோ தெரிந்தால், பழைய கிணற்றைப் பின்னாளில் யாரோ உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தூர்ந்த கிணறு என்றால் இன்னும் நல்லது: உடைந்த பீங்கான், சோடா பாட்டில், விளக்குக் கண்ணாடி என்று ஒரு வீடு கழித்துக்கட்டியதெல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும். ஆனால் உள்ளே யாரும் இறங்கக் கூடாது. விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். கட்டுபவர்கள் முதல் நாளே மூடுவதும் இந்தக் கிணற்றைத்தான். எனக்குப் பொறுக்க முடியாத விஷயம் அது. மேலிருந்து படமெடுத்து, ஆழம் அளந்து, வரைபடத்தில் இடம் குறித்துவிடுங்கள்.

தொழுவமும் குப்பைக்குழியும் எங்கிருந்தன என்பது பத்திரத்தில் இருக்காது. தோட்டக்காரர் குடும்பத்துப் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள்.

அடித்தளம் தோண்டும் நாளில் பொறியாளரிடம் சொல்லிவைத்து, பாதுகாப்பான தூரத்தில் நில்லுங்கள். வெட்டிய பக்கத்தில் மண்ணின் நிறம் மாறும் இடங்களை அளவுகோல் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதே முக்கியம். கலையாத தளத்துக்கு அடியில் ‘பேரரசி’ (Empress) என்று பொறித்த விக்டோரியா காசு கிடைத்தால், அந்தப் பட்டம் காசில் ஏறியதே 1877-இல்தான் என்பதால், அந்தத் தளம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அடுக்கைக் குறிக்காமல் பொறுக்கிய காசால் எதையும் நிறுவ முடியாது.

புதையல் என்று சொல்லத்தக்கது எது கிடைத்தாலும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டம் வைத்திருக்கும் வரம்பு 10 ரூபாய்தான். ஆகவே சிறியது என்று விட்டுவிடாதீர்கள். சிலையோ கல்வெட்டோ தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே தகவல் கொடுங்கள்.