ஸ்காட்லாந்து, இங்கிலாந்து மரபு நடனமும் இசையும் கற்பது எப்படி

ஸ்காட்லாந்தில் ஊரார் கூடி இசைக்கு ஆடும் மாலைப்பொழுதுக்குக் 'கேலி' என்று பெயர். தமிழ்க் காதில் விழும் பொருள் அதற்கு இல்லை. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்ப் பேசிப் பாடிக் களித்திருப்பதைக் குறிக்கும் காலிக் மொழிச் சொல் அது. இந்த நடனங்களைக் கற்க விரும்புகிறவர்கள் காணொளிகளைத் தேடுவதற்கு முன்பு, அருகில் நடக்கும் கேலி ஒன்றுக்குப் போய் ஆடிவிட்டு வருவதே நல்ல தொடக்கம். துணையோடு போக வேண்டியதில்லை. கில்ட் எனும் மடிப்புப் பாவாடை அணிய வேண்டியதும் இல்லை. வழுக்காத, ஆனால் திரும்பும்போது தரையைக் கவ்விப் பிடிக்காத தட்டையான காலணியும் ஒரு புட்டி தண்ணீரும் போதும். 'காலர்' எனப்படுபவர் ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் ஒருமுறை நடக்கவைத்துப் பழக்குவார். இசை தொடங்கியபின் அடுத்த அசைவைக் கூவிச் சொல்லிக்கொண்டும் இருப்பார். முன்பின் தெரியாதவரிடம் போய் "ஆட வருகிறீர்களா?" என்று கேட்பது அங்கே இயல்பான மரியாதை. கைகோப்பது ஆட்டத்தின் ஓர் அங்கம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் ஏதும் இல்லை என்பதை, தயங்கி நிற்கும் நம்மவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அங்கே அனேகமாக ஆடப்படும் 'டேஷிங் ஒயிட் சார்ஜென்ட்' என்ற ஆட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மூவர் மூவராக, ஒரு வரிசைக்கு எதிர் வரிசையாக, மண்டபத்தைச் சுற்றி நிற்பார்கள். முதலில் அறுவரும் கைகோத்து வட்டமாக இடப்புறம் சுற்றிப் பின் வலப்புறம் திரும்பி வருவார்கள். அடுத்து, நடுவில் இருப்பவர் வலப்பக்கத்துணையை நோக்கி நின்று காலடி வைத்து அவரோடு சுழல்வார்; பிறகு இடப்பக்கத்துணையோடும் அப்படியே செய்வார். மூன்றாவதாக, மூவரும் ஒருவரை ஒருவர் கடந்து தரையில் எட்டு என்ற எண்ணை எழுதுவது போல வளைந்து ஓடுவார்கள். கடைசியில் கைகோத்து முன்னே வந்து, பின்னே போய், மீண்டும் முன்னே வரும்போது ஒரு வரிசை கைகளைத் தூக்க, மற்றது அடியில் நுழைந்து அடுத்த மூவரைச் சந்திக்கும். முதல் தடவை அந்த எட்டு வடிவத்தில் நான் தவறான பக்கம் கிளம்பி, எதிரே வந்த முதியவர் மீது மோதியே விட்டேன். அவர் என் தோளைப் பிடித்துச் சரியான திசையில் திருப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினார். வழி தவறினால் நின்று யோசிக்காமல், அடுத்த பகுதி தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

அடுத்த பகுதி எப்போது தொடங்கும் என்பதைச் சொல்வது இசைதான். மேலே சொன்ன நான்கு பகுதிகளும் தலைக்கு எட்டு 'பார்' கொண்டவை. பார் என்பது மேற்கத்திய இசையின் தாள அலகு. பெரும்பாலான மெட்டுகளில் எட்டுப் பார் கொண்ட முதல் பகுதி இருமுறையும், அதே நீளமுள்ள இரண்டாம் பகுதி இருமுறையும் வந்து, 32 பாரில் ஒரு சுற்று முடியும். நடனமும் அந்த 32 பாருக்குள்ளேயே அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. எனவே அசைவுகளை மனப்பாடம் செய்வதைவிட, எட்டுப் பார் முடிவதைக் காதால் உணரப் பழகுவதே முதல் வேலை. ஒரு வாரம் வீட்டில் 'ரீல்' என்ற விரைவான மெட்டு வகையில் ஏதாவது ஒன்றை ஒலிக்கவிட்டு, பாருக்கு இரண்டு அடியாக அறையில் நடந்து, எட்டுப் பார் முடியும் இடத்தில் மட்டும் திரும்புங்கள். எண்ணாமலே கால் தானாகத் திரும்பத் தொடங்கினால் பாதிக் கல்வி முடிந்தது. தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு வேறுபாடு விளங்குவதும் எளிது. ரீல் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நான்காகப் பிரியும் சதுஸ்ர நடை. ஜிக் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. இவ்விரண்டிலும் ஒரு பார் ஏறக்குறைய ஒரு விநாடி. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் கொண்ட ஸ்ட்ராத்ஸ்பே அதைப்போல இருமடங்கு நிதானமானது, ஸ்காட்லாந்துக்கே உரியது.

கேலியில் ஓடினாலும் நடந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. காலடியைத் திருத்தமாகக் கற்க வேண்டுமானால் ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடன வகுப்பில் சேர வேண்டும். கிராமங்களில் மங்கிவந்த இந்த ஆட்டங்களைத் திரட்டிக் காக்க ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டூவர்ட் என்ற இரு பெண்மணிகளின் முயற்சியால் 1923இல் கிளாஸ்கோவில் தொடங்கிய சங்கம், இன்று ராயல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி என்ற பெயரில் எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் கிளைகளோடு இயங்குகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அது நடத்தும் கோடைப் பள்ளிக்கு ஓரளவு பயின்ற பிறகு போனால் பயன் அதிகம்.

வகுப்பில் முதலில் பழக்கப்படுவது 'ஸ்கிப் சேஞ்ச்' என்ற பயண அடி. இடக்காலில் ஒரு சிறு துள்ளல் துள்ளி வலக்காலை முன்னே நீட்டுங்கள்; அதை ஊன்றுங்கள்; இடக்காலை அதன் பின்னால் கொண்டுவந்து சேருங்கள்; மீண்டும் வலக்காலை முன்வையுங்கள். இது ஒரு பார். அடுத்த பாரில் துள்ளல் வலக்காலில். புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, துள்ளலை முதல் தட்டின்மேலேயே வைப்பது. துள்ளல் தட்டுக்குச் சற்று முன்னால், ஒரு எடுப்பைப் போல வர வேண்டும். தட்டு விழும்போது கால் தரையில் இருக்க வேண்டும். ஸ்ட்ராத்ஸ்பேயின் பயண அடியில் வரிசை மாறும்: அடி, சேர்ப்பு, அடி முடிந்து, துள்ளல் பாரின் இறுதியில் வரும். நின்ற இடத்திலேயே வைக்கும் 'பா த பாஸ்க்' அடிக்கு மூன்று எடைமாற்றங்கள் உண்டு. அதை எழுத்தில் கற்பிக்க முயல்வது வீண். ஆசிரியரின் காலைப் பார்த்துத்தான் கற்க முடியும்.

இங்கிலாந்தின் கன்ட்ரி நடனம் காலுக்கு இதைவிட இலகுவானது, பெரும்பாலும் நடைதான். ஜான் பிளேஃபோர்ட் 1651இல் வெளியிட்ட தொகுப்பில் தொடங்கி மூன்றரை நூற்றாண்டுக்கு மேலான ஆட்டங்கள் கையில் இருக்கின்றன. லண்டன் கேம்டன் பகுதியில் 1930இல் திறக்கப்பட்ட சிசில் ஷார்ப் இல்லத்தில் வகுப்புகளும் நூலகமும் உண்டு. நாட்டுப்புற இசையையும் நடனத்தையும் திரட்டிய அந்தச் சிசில் ஷார்ப், 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஹெடிங்டனில் ஆறு பேர் முழங்காலுக்குக் கீழே மணிகள் கட்டி ஆடியதைக் கண்டார். அவர்களுக்குக் கான்செர்டினா என்ற கைத்துருத்திக் கருவியை வாசித்த வில்லியம் கிம்பரிடம் மறுநாளே மெட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த மாரிஸ் நடனத்தைக் கற்க ஆசைப்படுகிறவர்கள் காலத்தைக் கவனிக்க வேண்டும். குழுக்கள் கோடையில் தெருவிலும் மதுக்கூட வாசல்களிலும் ஆடும். பயிற்சி நடப்பதோ குளிர்காலத்தில். ஆகவே செப்டம்பர், அக்டோபரில் போய்க் கேட்டால் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள்; ஜூனில் போய்க் கேட்டால் கைக்குட்டையைக் கொடுப்பார்களே தவிர, கற்றுக்கொடுக்க நேரம் இருக்காது.

இசைக்கருவியைப் பொறுத்தவரை, முதலில் டி சுருதியில் அமைந்த டின் விசிலை வாங்குங்கள் என்பேன். ஆறு துளை கொண்ட மலிவான கருவி அது. மெட்டுகள் மனத்தில் தங்குவதற்கு அது போதும். பெரும்பாலான இங்கிலாந்து மெட்டுகள் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. ஸ்காட்லாந்தில் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்குபவை ஏராளம். முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைச் சிறுவயதில் பாடியவர்களுக்கு இந்த உலகம் முற்றிலும் அந்நியமும் அல்ல. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டுத்தானே.

கர்நாடக வயலின் கற்றவர்கள் ஃபிடிலுக்கு, அதாவது இந்த மரபின் வயலின் வாசிப்புக்கு மாறும்போது விட வேண்டியவையே அதிகம். கருவியைப் பாதத்தில் ஊன்றாமல் தோளில் வைக்க வேண்டும். ஸ-ப-ஸ-ப சுருதிக்குப் பதில் ஜி, டி, ஏ, இ என்று கூட்ட வேண்டும். கமகம் அறவே கூடாது. நடனத்துக்கு உயிர் கொடுப்பது வில். ஸ்ட்ராத்ஸ்பேயின் அடையாளமான 'ஸ்காட்ச் ஸ்னாப்' என்பது தட்டின்மேல் விழும் ஒரு குறுகிய ஸ்வரமும் அதையடுத்து நீளும் ஸ்வரமும். ஒரே ஸ்வரத்தில் 'தக்—காஆ, தக்—காஆ' என்று வாயால் சொல்லிக்கொண்டே வில்லை முதலில் விரலளவும் அடுத்து முழங்கையளவும் இழுத்துப் பாருங்கள். அந்தச் சொடுக்கு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். ஸ்காட்லாந்தின் ஃபிடில் கலைஞர் ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசித்த ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

பைப் எனப்படும், காற்றுப்பை இணைந்த ஸ்காட்லாந்துக் குழல்கருவி மீதே மனம் இருந்தால் பை வாங்கும் அவசரம் வேண்டாம். எல்லோரும் முதலில் 'பிராக்டிஸ் சான்டர்' என்ற குழலில்தான் பல மாதங்கள் பழகுகிறார்கள். ஒன்பது ஸ்வரங்கள், அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஹரிகாம்போதி. பையிலிருந்து காற்று ஓயாமல் வருவதால் ஒலியை நிறுத்தவே முடியாது. ஒரே ஸ்வரத்தை இருமுறை வாசிக்க, இடையில் மின்னலாக ஓர் அலங்கார ஸ்வரத்தைச் செருகியாக வேண்டும். அந்த விரல்வேலையே பைப் கல்வியின் பெரும்பகுதி என்பதால், தனியாகப் பழகித் தவறான விரல்பழக்கம் படிந்துவிடாமல் ஆசிரியரிடம் கற்பது அவசியம்.

ஓரிரு டஜன் மெட்டுகள் கைவந்ததும் இசைப்பவர்கள் கூடி உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கும் 'செஷன்' எனப்படும் வட்டத்தில் போய் உட்காரலாம். எடின்பரோவின் சாண்டி பெல்ஸ் மதுக்கூடம் இதற்குப் பேர்பெற்றது. முதல் நாள் கருவியை உறையிலேயே வைத்திருந்து கேளுங்கள். ஒரு மெட்டைப் பெரும்பாலும் மூன்று முறை வாசித்து, நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். தெரியாத மெட்டில் தடவித் தடவிச் சேர்ந்து வாசிப்பது நம் கச்சேரியில் நடுவே பேசுவதற்குச் சமம். அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிந்துகொண்டு, பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு, வீட்டில் இரண்டிரண்டு பாராகக் காதால் பிரித்துக் கற்கலாம். சிக்கினால், ஸ்வரங்களை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் 'ஏபிசி' குறியீட்டில் எழுதிய வடிவத்தை இணையத்தில் பாருங்கள். ஸ ரி க ம எழுதிப் படித்தவர்களுக்கு அது எளிது.

ஆடவும் வாசிக்கவும் ஒருசேரக் கற்றவர்களுக்கு, இசைக்குழுவோடு நடனத்துக்கு வாசிக்கும் நாள் வரும். அப்போது கண் தாளில் அல்ல, ஆடுபவர்களின் காலில் இருக்க வேண்டும். ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடனத்தில் முதல் நாதக்கூட்டுக்கு எல்லோரும் துணைக்குத் தலைவணங்குவார்கள். நான்கு ஜோடிகளும் இருமுறை ஆடி முடிக்க 32 பார் எட்டுச் சுற்று வரும். அந்த ஆட்டத்துக்கே உரிய மெட்டில் தொடங்கி, நடுவில் வேறு மெட்டுகளுக்குப் போய், எட்டாவது சுற்றில் முதல் மெட்டுக்கே திரும்புவது வழக்கம். அது காதில் விழுந்ததும், களைத்துப்போன ஜோடிகள் இது கடைசிச் சுற்று என்று அறிந்து நிமிர்வது மேடையிலிருந்து நன்றாகத் தெரியும்.