சேலத்து அரசுப் பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுதும் முறை

அரசுப் பள்ளிக்கு நூற்றாண்டு மலர் வெளியிட முன்னாள் மாணவர்கள் கூடும்போது, வாழ்த்துரைகளும் குழு ஒளிப்படங்களும் எளிதில் சேர்ந்துவிடுகின்றன. வரலாற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, நுழைவாயில் வளைவில் உள்ள ஆண்டையும் தலைமையாசிரியர்களின் பெயர்ப் பட்டியலையும் அச்சிட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. சேலம் மாநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பழைய பள்ளிகளுக்கு இதைவிடப் பல மடங்கு நல்ல வரலாறு எழுத முடியும். அதற்கு வேண்டியவற்றில் பாதி பள்ளி அலுவலகத்து இரும்பு பீரோவிலேயே இருக்கும். தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஒரு தீர்மானம் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது பிற்காலத் தொல்லைகளைத் தவிர்க்கும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது என்பது. பல பள்ளிகள் தொடக்கப் பள்ளியாகப் பிறந்து, நடுநிலையாகி, உயர்நிலையாகி, 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வியின் பதினொன்றாம் வகுப்பு (பிளஸ் ஒன்) பள்ளிகளுக்கு வந்த பிறகு மேல்நிலையாகத் தரம் உயர்ந்தவை. வளைவில் உள்ள ஆண்டு இவற்றில் எதைக் குறிக்கிறது என்று தெளிவுபடுத்தாமல் எழுதினால் மற்ற ஆண்டுகளும் குழம்பும். ஒவ்வொரு தரம் உயர்வுக்கும் ஓர் அரசாணையோ இயக்குநரின் செயல்முறை ஆணையோ இருந்திருக்க வேண்டும். அதன் எண்ணும் தேதியும் கிடைத்தால் ஆண்டைப் பற்றிய வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்ததாக, பள்ளியை யார் நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். சேலம் நகராட்சி 1866-இல் அமைந்தது, 1994-இல் மாநகராட்சியானது. நகராட்சி நடத்திய பள்ளியென்றால் மன்றத் தீர்மானப் புத்தகங்களைத் தேட வேண்டும். ஊர்ப்புறத்து உயர்நிலைப் பள்ளிகள் பல ஜில்லா போர்டு என்னும் மாவட்ட உள்ளாட்சி அமைப்புக்கு உரியவையாக இருந்து, 1970-இல் அரசின் கைக்கு மாறியவை. ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலும் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருவதால், அவற்றின் கோப்புகளை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மட்டும் தேடிவிட்டு இல்லையென்று முடிவு கட்டக் கூடாது. மாவட்ட எல்லையும் கவனத்திற்குரியது. 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்து சென்றன; ஆகவே 1950-களின் அறிக்கையில் ‘சேலம் ஜில்லா’ என்று காணும் பள்ளிகளின் எண்ணிக்கையில் ஓசூரும் அரூரும் அடங்கும். அந்த எண்ணை இன்றைய சேலத்தோடு ஒப்பிட்டு வளர்ச்சி, தளர்ச்சி என்று எழுதுவது தவறாகும்.

இவ்வளவும் தெளிந்தபின் பதிவேடுகளைத் திறக்கலாம். வருகைப் பதிவேடுகளைச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவார்கள். சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம் என்பதால் எஞ்சியிருக்கும் வாய்ப்பு அதிகம். அதன் ஒரு வரியில் சேர்க்கை எண், மாணவர் பெயர், பெற்றோர் பெயர், தொழில், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் ஆகியவை அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். பழைய பதிவேட்டில் வகுப்பு என்னும் கட்டத்தில் ‘IV பாரம்’ என்றிருந்தால் அது நான்காம் வகுப்பு அன்று. முதல் பாரம் இன்றைய ஆறாம் வகுப்பு, ஆறாம் பாரம் அன்றைய எஸ்.எஸ்.எல்.சி.யான பதினொன்றாம் வகுப்பு. எனவே IV பாரம் ஒன்பதாம் வகுப்பாகும். மாணவர் கட்டிய பள்ளிக் கட்டணத்தைக் குறிக்கும் சம்பளக் கட்டத்தில் ‘5-4-0’ என்பதைத் தேதியென்று எண்ணிவிடக் கூடாது; ஐந்து ரூபாய் நான்கு அணா என்பதே அதன் பொருள். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபிறகே இந்த எழுத்துமுறை மெல்ல மறைந்தது.

பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணி அட்டவணையாக்கினாலே ஊரின் மாற்றம் தெரிந்துவிடும். அம்மாபேட்டை, குகைப் பகுதிப் பள்ளியென்றால் நெசவும் வெள்ளிப் பட்டறை வேலையும் எந்தப் பத்தாண்டில் குறையத் தொடங்கின என்று காணலாம்; இரும்பாலைப் பக்கத்துப் பள்ளியென்றால் 1980-களில் வெளியூர்ப் பெயர்கள் கூடுகின்றனவா என்று பார்க்கலாம். எண்ணிக்கையை மட்டும் அச்சிடுங்கள். சாதிக் கட்டத்தையும், மாற்றுச் சான்றிதழில் நடத்தை பற்றி எழுதப்பட்ட குறிப்புகளையும், தனி மாணவரின் மதிப்பெண்களையும் மலரில் வெளியிட யாருக்கும் உரிமையில்லை. சம்பந்தப்பட்டவர் ஊரில் புகழ்பெற்றவராக இருந்தால் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை.

ஆசிரியர் சம்பளப் பட்டியல் கிடைத்தால் அது பெரும் பேறு. பாடத்திட்டத்தில் நேர்ந்த மாற்றங்கள் அங்கே பதவிப் பெயர்களாகத் தென்படும். சென்னை மாகாணத்தில் 1938-இல் சுமார் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாகி, 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அவ்விரண்டு ஆண்டுகளில் மட்டும் இந்தி பண்டிட் ஒருவர் பட்டியலில் வந்து போயிருந்தால், உங்கள் பள்ளியும் அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து, ஆணையைத் தேடி உறுதிசெய்யலாம். நெசவு ஆசிரியர், தச்சு ஆசிரியர், ட்ரில் மாஸ்டர் ஆகியோரின் பெயர்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியின் சிறப்புப் பிரிவுகளைப் பற்றிய பகுதிக்குத்தான் மலரில் மிகுதியான பக்கங்களை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டடம் எல்லாப் பள்ளிக்கும் உண்டு. லேத் என்னும் கடைசல் இயந்திரம் எல்லாப் பள்ளிக்கும் கிடைக்கவில்லை. மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. ஊர் மக்கள் ‘வொகேஷனல் குரூப்’ என்று இன்றும் சொல்லும் அப்பிரிவில் பொது இயந்திரவியல், மின்சாதனங்கள், நெசவு, கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும், செவிலியம், வேளாண்மை என்று பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டது. உங்கள் பள்ளிக்கு எது, எந்த ஆண்டில், ஏன் கிடைத்தது, எப்போது மூடப்பட்டது என்ற நான்கு கேள்விக்கும் விடை தேடுங்கள். தொடக்கத்தில் பயிற்றுநர்கள் பலர் பகுதிநேரமாகவே நியமிக்கப்பட்டதால் முழுநேர ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் விடுபட்டிருக்கலாம். கருவிகளைப் பதிந்துவைக்கும் இருப்புப் பதிவேட்டின் கையொப்பங்களில் அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த இருப்புப் பதிவேட்டை ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். லேத், பெஞ்ச் வைஸ், துளையிடும் இயந்திரம், வெர்னியர் காலிப்பர் ஆகியவை வந்த தேதியும் விலையும் இடப்பக்கத்திலும், பழுது, ஏலம், கழிவு என்ற குறிப்புகள் வலப்பக்கத்திலும் இருக்கும். கருவி வாங்கிய ஆண்டுக்கும் பழுதென்று எழுதிய ஆண்டுக்கும் இடையிலான காலமே அப்பிரிவு உண்மையில் உயிரோடு இருந்த காலத்தை ஓரளவு காட்டும். பிரிவின் பெயர் மாறினால் அது மூடப்பட்டதாகக் கருதிவிட வேண்டாம்: 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ‘அடிப்படை இயந்திரவியல்’, ‘அடிப்படை மின் பொறியியல்’ போன்ற பெயர்கள் வந்தன; பட்டறை அதே பட்டறைதான்.

பாடப்பிரிவு, அரசுத் திட்டம், மன்றம் ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பில் கலக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொழிற்பயிற்சி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஏற்பாடு, மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவிலிருந்து வேறானது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன், அதே ஆண்டின் புதுமைப் பெண் போன்றவை மாநிலம் முழுவதற்குமானவை. அவற்றைப் பள்ளியின் சாதனையாக எழுதினால் படிப்பவர் சிரிப்பார். ஆனால் அவற்றால் உங்கள் பள்ளியில் என்ன நடந்தது என்பது நிச்சயம் வரலாறுதான். 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்த பிறகு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை உரிய ஆதாரத்துடன் ஆண்டுவாரியாகக் கொடுக்கலாம். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்) ஆகிய மன்றங்களுக்கு ஒரு பக்கம் போதும்.

பழைய மாணவர்களிடம் பேசும்போது “பள்ளி உங்களுக்கு என்ன தந்தது?” என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். “லேத்தில் முதன்முதல் என்ன கடைஞ்சீங்க, அந்த வேலைக்கு எத்தனை நாளாச்சு, வாத்தியார் எதைப் பார்த்து மார்க் போட்டார்?” என்று கேளுங்கள். சொன்னதைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, பொருந்தாத இடத்தில் இரண்டையும் எழுதிவிடலாம்.

பள்ளிக்கு வெளியே தேட வேண்டியவை சிலவே. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கல்வித்துறை அரசாணைகளைப் பார்க்கலாம். 1918-இல் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட விவரச் சுவடியின் (கெசட்டியர்) கல்வி அத்தியாயம், மாவட்டத்தில் அக்காலத்தில் பள்ளிகள் எந்நிலையில் இருந்தன என்பதற்குப் பின்புலம் தரும். அலுவலகங்கள் பதில் தராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், கோப்பின் பொருளையும் காலத்தையும் குறிப்பிட்டு மனுச் செய்யலாம். ‘பள்ளி பற்றிய அனைத்து விவரங்களும்’ என்று கேட்பது மறுப்பை நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

பக்கங்களைப் படமெடுக்கும்போது ஒவ்வொரு படத்தின் பெயரிலும் பதிவேட்டின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகிய மூன்றும் இருக்கட்டும். நைந்த பதிவேட்டை முழுவதும் விரித்து அழுத்த வேண்டாம், ஜன்னல் வெளிச்சமே போதும். மலர் அச்சாவதற்கு முன், படங்களின் ஒரு பிரதியைப் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைத்து, தலைமையாசிரியரிடம் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.